ஒன்பதாம் பக்கம் நாலு தடவை

என் அலமாரியில் புத்தகம் என்று இருப்பது ஒன்றுதான். அதில் ஒன்பதாம் பக்கம் நாலு தடவை வரும். முதல் பக்கம் கிடையாது, கடைசிப் பக்கமும் கிடையாது. அட்டைக்குப் பதிலாக உப்பு மூட்டைச் சாக்கு, முதுகில் வெள்ளை நூல் தையல், உள்ளே முழுக்க இங்கிலீஷ் கவிதை. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் புரட்டிவிட்டு, "பைண்டிங் பண்ணவன் குடிச்சிட்டு பண்ணியிருக்கான்" என்பார்கள். போன வருஷம் வந்த பேங்க் மேனேஜர்கூட அதையேதான் சொன்னார். அதைத் தைத்தவர் ஒரு சொட்டு குடிக்காதவர், என் சம்பந்தி என்று அவருக்குச் சொன்னேன். என் மகளைக் கொடுத்த வீட்டின் பெரியவர்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் கதை புரியாது. நான் மூணாங்கிளாஸ். மரக்காணம் உப்பளத்தில் தலைச்சுமை தூக்கியவன். கூடை தூக்கிய அதே பாத்திகளைப் பின்னாளில் குத்தகைக்கு எடுத்து, அப்புறம் சொந்தமாகவும் வாங்கினேன். எனக்கு யாரும் கைகொடுக்கவில்லை. ரெண்டு லாரி, ஒரு கிடங்கு, மாடி வீடு, எல்லாம் இந்தத் தலை தூக்கிய உப்பு. இந்தக் கதையை எழுத்துக் கூட்டி நானே எழுதினேன், மகள் பிழை திருத்தினாள். பெருமை பேசிய இடங்களை எல்லாம் அவள் வெட்டினாள். நான் மறுபடியும் சேர்த்துவிட்டேன்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுதான் சம்பந்தியை முதலில் சந்தித்தேன். கீழ்புத்துப்பட்டுக்கு மேற்கே அவர்கள் ஊர். கொஞ்சம் நிலம், மாப்பிள்ளைக்குப் பாண்டிச்சேரியில் வேலை. சம்பந்தி இளவயதிலேயே ஆரோவில்லுக்குத் தச்சு வேலைக்குப் போனவர். அங்கே முதல் குடிசைகள் போட்ட காலத்தில் மரம் இழைத்தவர்களில் அவரும் ஒருவர். பேசிப் பேசியே இங்கிலீஷ் கற்றுக்கொண்டு, அப்புறம் படிக்கவும் பழகிக்கொண்டார். ஒல்லியான உடம்பு, மெதுவான குரல். எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் பதில் வரும். எனக்கு அந்த மாதிரி ஆட்களோடு பேசப் பொறுமை கிடையாது.

அவர்கள் வீட்டில் நடு அறை முழுக்கத் தகரப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பாத்திரமோ பட்டுப் புடவையோ இருக்கும் என்று நினைத்தேன். பெண் கொடுக்கப் போகிறவன் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

"என்னங்க இது, பொட்டி பொட்டியா? நகையா?"

"கவிதைங்க."

"கவிதையா? யார் எழுதுனது?"

சம்பந்தி ஒரு நிமிஷம் யோசித்தார். "முடி வெட்டிக்காதவங்க" என்றார்.

உள்ளேயிருந்து சம்பந்தியம்மா குரல் வந்தது. "நல்லா கேளுங்கண்ணே. அந்தக் குப்பைய எடைக்குப் போடச் சொல்லி நானும் இருவது வருசமா கத்துறேன்."

சம்பந்தி ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். கைக்குள் அடங்குகிற சின்னச் சின்னப் புத்தகங்கள். காகித அட்டை, ஊதாவும் ஆரஞ்சுமாக வளைந்து வளைந்து போகிற எழுத்து. சில புத்தகங்கள் அச்சுகூட இல்லை, டைப் அடித்து சைக்ளோஸ்டைல் மிஷினில் உருட்டி எடுத்துப் பின் போட்டது. அவர் சிறுவயதில் நெடுமுடியும் துணிப்பையுமாகச் சீமையிலிருந்து தரைவழியே பஸ் மாறி மாறி வந்து சேர்ந்த பிள்ளைகள் கொண்டுவந்தவை அவை. அவர்கள் ஊரில் சண்டை வேண்டாம், ஆபீஸ் வேண்டாம், கோட்டு வேண்டாம் என்று வீட்டைவிட்டுக் கிளம்பியவர்களாம். பையில் மாற்றுத்துணி இருக்காது, கவிதைப் புத்தகம் இருக்கும் என்றார். திரும்பிப் போகிறபோது புத்தகத்தை விட்டுவிட்டுப் போவார்கள், சிலர் அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படித் தொடங்கியது. பிற்பாடு பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் குவித்த பழைய புத்தகங்களுக்குள் கையை விட்டுத் துழாவித் தேடியிருக்கிறார்.

அதற்கெல்லாம் சட்டதிட்டம் வைத்திருந்தார். கவிதை மட்டும்தான், அந்தக் காலத்தில் அச்சானது மட்டும்தான், காகித அட்டை மட்டும்தான். கெட்டி அட்டை போட்டதை இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டார். "அது அலமாரிக்குன்னு அச்சடிச்சதுங்க. இது முதுகுல தூக்கிட்டு வந்தது" என்றார். ஒரே புத்தகம் இரண்டு கிடைத்தால், புதுசாக இருப்பதை யாருக்காவது கொடுத்துவிட்டு, யாரோ பேர் எழுதி டீக்கறை படுத்தியதை வைத்துக்கொள்வார். கடற்காற்றில் இரும்புப் பின் துருப்பிடிக்கும் என்று, பின் போட்ட புத்தகங்களை எல்லாம் பிரித்து நூலால் தைத்து வைத்திருந்தார். அதைக் கேட்டபோது மட்டும், மனுஷன் வேலைக்காரன்தான் என்று தோன்றியது.

ஆனால் என் மகளுக்குத் தனி அறை வேண்டும். அதை நான் சபையிலேயே கேட்டுவிட்டேன். பெட்டிகளை எங்கே வைப்பது என்று சம்பந்தி முழித்தார். நான் விடுவேனா? "என் கெடங்குல வைங்க சம்பந்தி. உப்பு இருக்கிற இடத்துல கரையான், செல்லு எதுவும் அண்டாது. ராஜா மாதிரி இருக்கும்" என்றேன். செல் அண்டாது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. ஆவணியில் கல்யாணம் முடிந்தது. மகள் அந்த வீட்டுக்குப் போனாள். பெட்டிகள் என் கிடங்குக்கு வந்தன.

மார்கழியில் கடல் உள்ளே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. குப்பங்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் சொல்லவேண்டியது. என் லாரிகள் ரெண்டும் அரிசியும் தண்ணியும் ஏற்றிக்கொண்டு ஓடின, என் வீட்டு வாசலில் அடுப்பு அணையவில்லை. கால்வாய் வழியாக ஏறிவந்த தண்ணீர் பாத்திகளை மூடிக் கிடங்குக்குள் நுழைந்ததை நான் நாலைந்து நாள் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். உப்பு பாதி கரைந்து போயிருந்தது. அது எனக்குப் பெரிய விஷயமில்லை, கடல் கொடுத்ததைக் கடல் எடுத்துக்கொண்டது. பெட்டிகளைத் திறந்தேன். கவிதை எல்லாம் ஊறிப்போய் இட்லி மாதிரி உப்பிக் கிடந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். "அப்பா, மாமா புக்கெல்லாம் எப்படி இருக்குதுன்னு கேக்கச் சொன்னாரு. அவரா கேக்க மாட்டேங்கறாரு. இந்த நேரத்துல போயி புக்கு கேட்டா நல்லா இருக்காதுன்னு சொல்றாரு."

"பத்திரமா இருக்குதுன்னு சொல்லும்மா" என்றேன்.

எனக்கு அந்தக் காகிதத்தைப் பற்றிக் கவலையில்லை. மகள் அந்த வீட்டுக்குப் போய் நாலு மாசம்தான் ஆகியிருந்தது. அவள் வந்ததால்தான் பெட்டிகள் வெளியே போயின, அவள் அப்பன் கிடங்கில்தான் அவை நாசமாயின. நாளைக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தாலும் இது பேச்சில் வரும். பெண்ணைப் பெற்றவன் எவ்வளவு சம்பாதித்திருந்தாலும், அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவன் தலை தானாகக் குனியும். தை பிறந்ததும் தலைப்பொங்கல் சீர் கொண்டுபோக வேண்டும். அதற்குள் புத்தகங்களைக் காயவைத்து, சீரோடு சேர்த்து இறக்கிவிடவேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

உப்பளத்துக்காரனுக்கு ஒரு விஷயம் தெரியும். உப்புத் தண்ணியில் நனைந்த வேட்டியை அப்படியே வெயிலில் போட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ராத்திரி மறுபடி ஈரமாகும். உள்ளே இருக்கிற உப்பு காற்றிலிருந்து தண்ணியை இழுக்கும். நல்ல தண்ணியில் அலசிவிட்டுத்தான் காயப்போடவேண்டும். துணிக்கு இருக்கிற நியாயம் காகிதத்துக்கு இல்லையா? பெட்டிகளை என் கழனி மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். பாத்தி வேலை நின்றுபோய்ச் சும்மா இருந்த பெண்களைக் கூப்பிட்டேன். தொட்டியில் போர் தண்ணியை நிரப்பிப் புத்தகங்களை ஒவ்வொன்றாக முக்கி, மூன்று தண்ணி அலசினோம்.

மேஸ்திரியம்மா என்று நாங்கள் கூப்பிடுகிற மூத்த வேலைக்காரி அலசிக்கொண்டே சொன்னாள்: "ஏன் மொதலாளி, சோப்பு போடலாமா? வெள்ளக்காரன் எழுத்து, அழுக்கா இருக்கும்."

"அலசு பேசாம. சம்பந்தி வீட்டு சாமான்."

"சம்பந்தி வீட்டு சாமான் என் கையிலயே நாரு நாரா வருதே, நான் என்ன பண்றது?"

பார்த்தால் உண்மை. கோந்து போட்டு ஒட்டிய புத்தகங்கள் எல்லாம் இரண்டாம் தண்ணியிலேயே தாள் தாளாகப் பிரிந்துவிட்டன. பளபள அட்டையும் பெரிய கம்பெனி அச்சுமாக இருந்தவைதான் முதலில் போயின. சம்பந்தி கையால் நூல் போட்டுத் தைத்த அந்த உருட்டி எடுத்த புத்தகங்கள் மட்டும் ஒரு தாள் விடாமல் நின்றன. தார்ப்பாயை விரித்துத் தாள்களைப் பரப்பினோம். காற்றில் பறக்காமலிருக்க மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினோம். மார்கழிக் கடைசி வெயில் நல்ல வெயில். காய்ந்தது.

இப்போது என் முன்னால் தாள் மலை மாதிரி கிடந்தது. எந்தத் தாள் எந்தப் புத்தகம் என்று யாருக்குத் தெரியும்? அள்ளிக் கோணியில் போட்டுக் கொண்டுபோய்ச் சம்பந்தி வீட்டில் கொட்டினால் என் மரியாதை என்னாவது? நான் எந்தச் சரக்கையும் தரம் பிரிக்காமல் அனுப்பியதில்லை. எங்களில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நம்பர் தெரியும். மூட்டையில் நம்பர் போட்டே வாழ்ந்தவர்கள். ஆளுக்குக் கொஞ்சம் நம்பர் என்று பிரித்துக் கொடுத்தேன்.

"மொதலாளி, இந்தப் பக்கம் ஒரு நம்பரு, அந்தப் பக்கம் ஒரு நம்பரு இருக்குது. எத வெச்சு அடுக்குறது?"

"சின்ன நம்பர வெச்சு அடுக்கு."

"நம்பரே இல்லாதது?"

"அத தனியா வை."

இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஒன்றாம் நம்பர் எல்லாம் ஒரு கட்டு, மூன்றாம் நம்பர் எல்லாம் ஒரு கட்டு, ஐந்து ஒரு கட்டு. சணல் போட்டுக் கட்டி வரிசையாக வைத்தபோது, சர்க்கார் ஆபீசில்கூட அவ்வளவு ஒழுங்கு பார்த்திருக்க முடியாது.

அந்த வருஷப் பொங்கல் சத்தமில்லாத பொங்கல். மேளம் வைக்கவில்லை. வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, துணிமணி, அதோடு சணல் கட்டுகள். எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். சம்பந்தி சீர்த் தட்டுகளைப் பார்க்கவே இல்லை. நேராகக் கட்டுகளிடம் வந்தார். நடந்ததைச் சொன்னேன், தண்ணீர் புகுந்தது, அலசியது, காயவைத்தது எல்லாம். "நம்பர்படி அடுக்கியிருக்கேன் சம்பந்தி. ஒண்ணுகூட மாறியிருக்காது."

அவர் முதல் கட்டைப் பிரித்தார். ஒன்றாம் பக்கம். அடுத்த தாள், ஒன்றாம் பக்கம். அதற்கடுத்ததும் ஒன்றாம் பக்கம். இரண்டாம் கட்டைப் பிரித்தார். சம்பந்தியம்மா எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நிலைப்படியில் நின்றிருந்த என் மகள் முகம் சிவந்து போயிற்று.

"அப்பா, ஒவ்வொரு புக்குக்கும் ஒண்ணாம் பக்கம் இருக்கும்ப்பா" என்றாள் மெதுவாக.

சம்பந்தி தாள்களை முன்போலவே சேர்த்துச் சணலைக் கட்டினார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். போனவர் வரவேயில்லை. நாங்கள் இலை போடும் நேரம்வரை காத்திருந்தோம். சம்பந்தியம்மாதான் வற்புறுத்தினார், மாப்பிள்ளை பரிமாறினார். வீட்டுப் பெரியவர் உட்காரச் சொல்லாத பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. கை நனைத்தோம் என்று பேர் பண்ணிவிட்டுக் கிளம்பினோம். என் மனைவி வேனில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு போனில் மகள் சொன்னதெல்லாம் ஒரே செய்திதான். "மாமா யார்கிட்டயும் பேசறதில்லப்பா. அறையில தரையெல்லாம் தாளப் பரப்பிட்டு உக்காந்திருக்காரு." எந்த அறை என்று கேட்டேன். "எங்க அறைதான்" என்றாள். நான் சபையில் கேட்டு வாங்கிக் கொடுத்த அறை! பகலில் அங்கே தாள்கள், ராத்திரி அவற்றை ஓரம் கட்டிவிட்டுப் பாய் விரிக்கிறார்கள். கொஞ்ச நாளில் அவள் போன் பண்ணுவதும் குறைந்தது. நான் பண்ணினால், "அப்புறம் பேசறேம்ப்பா, கையில வேலை இருக்குது" என்று வைத்துவிடுவாள். என்ன வேலை வாங்குகிறார்களோ, என்ன சொல்லிக் காட்டுகிறார்களோ! பாத்தியில் புதுத் தண்ணீர் கட்டி உப்பு பூத்தது, அந்த வருஷம் நல்ல விளைச்சல். எனக்கு அதைப் பார்க்கவே மனசில்லை.

ஆடி வந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் வழக்கம். அனுப்பமாட்டேன் என்று சொன்னால் பஞ்சாயத்துதான் என்று தீர்மானித்து, என் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். தட்டை வைத்தோம். சம்பந்தியம்மா காப்பி கொடுத்துவிட்டு, "கூட்டிட்டுப் போங்கண்ணே, புண்ணியமா போவும்" என்றார். காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

நடு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தரை முழுக்கத் தாள்கள். ஒரு பக்கம் சம்பந்தி, எதிர்ப்பக்கம் என் மகள், கையில் ஊசியும் நூலும்.

"கெளம்பும்மா, ஆடிக்கு அழைக்க வந்திருக்கோம்" என்றேன்.

"நான் வரலப்பா."

"யார் சொன்னது வரக்கூடாதுன்னு?"

"யாரும் சொல்லல. இன்னும் ஒரு பொட்டி இருக்குது. நான் போயிட்டா மாமா எழுத்து சைஸ் பாக்க மாட்டாரு, தாளோட கலர மட்டும் பாத்து மாத்தி வெச்சிடுவாரு."

"யாரு மாத்தி வெச்சது? போன வாரம் நீதான வெச்ச?" என்றார் சம்பந்தி.

"அது ரெண்டு பேரும் ஒரே ஆளு மாதிரி எழுதியிருந்தாங்க மாமா."

சம்பந்தியம்மா பின்னாலிருந்து, "பாத்தீங்களா? வந்த மருமவ அடுப்படிக்கே வர்றதில்ல. குப்பைய வெளிய அனுப்பிட்டு ஒரு பொண்ண எடுத்தேன், இப்ப குப்பையும் உள்ள, பொண்ணும் அதுக்குள்ள" என்றார்.

அப்போதுதான் சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். அவருடைய அந்த ஒரு நிமிஷம் கழிந்தது. "உக்காருங்க சம்பந்தி. நீங்க நம்பர்படி கட்டிக் குடுத்தீங்களே, அது ஒரு விதத்துல நல்லதா போச்சு. ஒரு புக்க சேக்கணும்னா கட்டுக்கு ஒரு தாள் எடுத்தாப் போதும். மொத்தக் குவியல்ல தேடவேணாம்."

நான் என் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த அடுக்கில் தப்பே இல்லை. "பொங்கலன்னைக்கு நான் உள்ள வந்து உக்காரல. அழுதுட்டிருந்தேன். சாமான் போச்சுன்னுதான், உங்க மேல ஒண்ணுமில்ல" என்றார் சம்பந்தி. பிறகு உள்ளே திரும்பி, "இலை போடுங்க" என்றார். அன்றைக்கு நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். மகளை அவரே, "போயிட்டு வாம்மா, புக்கு எங்க போயிடப் போவுது" என்று சொல்லி அனுப்பிவைத்தார். ஆடி முழுக்க அவள் என் வீட்டில் இருந்தாலும் அவள் மனம் அங்கே தாளில்தான் இருந்தது. நாலு நாளுக்கு ஒரு முறை அவருக்குப் போன் பண்ணி, "ஊதா அட்டை முடிஞ்சிதா மாமா?" என்பாள்.

அடுத்த வருஷம், இரண்டாயிரத்து ஆறு பொங்கலுக்கு, சம்பந்தி என் வீட்டு வாசலில் தாம்பாளத்தோடு வந்து நின்றார். பெண் வீட்டிலிருந்துதான் சீர் போகும், பையன் வீட்டிலிருந்து வந்து யாரும் பார்த்ததில்லை. தெருவே எட்டிப் பார்த்தது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் சாக்கு அட்டை போட்ட இந்தப் புத்தகம்.

"எல்லாத்தையும் சேத்தாச்சு சம்பந்தி. தண்ணியில கரைஞ்சது போக, எந்தப் புக்குன்னு கண்டுபிடிக்க முடியாத தாளு கொஞ்சம் மிஞ்சிச்சு. அதை உங்க முறைப்படியே நம்பர் வெச்சு அடுக்கித் தைச்சிட்டேன். சாக்கும் உங்களுதுதான்."

ஒரு பக்கம் படித்துச் சொல்லச் சொன்னேன். தமிழாக்கிச் சொன்னார். ஒருத்தன் பஸ்ஸில் தூங்கி விழித்து, இது எந்த ஊர் என்று பக்கத்து ஆளைக் கேட்கிறான், பக்கத்து ஆளும் தூக்கத்தில் இருக்கிறான். அடுத்த தாள் வேறு யாரோ எழுதியது: அம்மா சாப்பாட்டுக்கு அனுப்பிய பணத்தில் கிதார் வாங்கிவிட்டேன், பசிக்கிறது.

"இதுல கவிதை எங்க இருக்குது சம்பந்தி?"

"அதத்தாங்க நானும் முப்பது வருசமா தேடுறேன்" என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. பெட்டிகள் இப்போது மகளிடம். நடு அறையை மறுபடியும் புத்தகங்களே பிடித்துக்கொண்டன. மகளும் மாப்பிள்ளையும் மாடியில் தனியாக ஓர் அறை கட்டிக்கொண்டார்கள். சட்டதிட்டமும் அவளிடம் அப்படியே இருக்கிறது, கெட்டி அட்டையைத் தொடமாட்டாள். சந்தையில் அந்தக் காலத்துப் புத்தகம் இப்போது கிடைப்பதில்லை என்று குறைபடுகிறாள். என் பாத்திகளை மகன் பார்க்கிறான். உப்பு அம்பாரத்தை மூடும் கீற்று போய் பிளாஸ்டிக் தார்ப்பாய் வந்துவிட்டது. நான் மாடியில் உட்கார்ந்து காற்று பார்க்கிறேன்.

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பினால் இந்தப் புத்தகம் லேசாக உப்பும், தாள் துவளும். டி.வி.யில் மழை என்று சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், மகனிடம் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொல்லிவிடுவேன். மூன்று தண்ணி அலசியதாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், மூன்று தண்ணிதான் அலசினோம். நேற்றும் எடுத்துப் புரட்டினேன். தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டு ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினேன். ஒன்பது. மறுபடி நாக்கில் தொட்டேன். ஒன்பது. மூன்றாவது ஒன்பதில் நாக்கு உப்புக் கரித்தது.